முகத்தில் காட்டாத மூச்சு

ஜூன் 10, செவ்வாய்

குடித்த தண்ணீர், போன சிறுநீர், போட்ட மாத்திரை மூன்றையும் தினமும் இந்த நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறேன். தண்ணீர் ஒரு லிட்டர். மற்றது அதைவிடக் குறைவு. மாத்திரை மூன்று. முடிந்தது. மிச்சமிருக்கும் முக்கால் பக்கத்தை வெற்றாக விட எனக்கு மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மைதானம் சும்மா கிடந்தாலே எனக்குப் பொறுக்காது.

ஆகவே என்னைப் பற்றி: பெயர் வேலுத்தாய். வத்தலக்குண்டு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சர். கல்லூரிக் காலத்தில் மாவட்ட கபடி அணிக்கு நான்தான் ரெய்டர். நான் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் எதிர் அணிப் பெண்கள் இரண்டடி பின்னால் போவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மூன்று வருஷமாக மூச்சு கொஞ்சம் மக்கர் செய்கிறது. ஒரு டாக்டர் ஆஸ்துமா என்றார், ஒருவர் எடை என்றார், ஒருவர் நாற்பத்தாறு வயது என்றார். போன மாதம் மதுரையில் ஸ்கேன் எடுத்த டாக்டர் படத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் முழுக்க உறைந்த ரத்தம் அடைத்திருக்கிறது, இதற்கு ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிகள் குறைவு, சென்னைக்குக் கிளம்புங்கள் என்றார். கிளம்பி வந்துவிட்டோம்.

கூட வந்திருப்பவர் என் வீட்டுக்காரர் சௌந்திரபாண்டி. மினிபஸ் ஓட்டுகிறார். ஹாரன் அடிக்கும் அளவுக்குக்கூட வீட்டில் பேச மாட்டார். லாட்ஜில் இரண்டாவது மாடி கொடுத்திருக்கிறார்கள். ஏறும்போது நாலைந்து தடவை உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டினேன். இந்த ஊர்க் காற்றுக்கு லேஸ் நிற்க மாட்டேன் என்கிறது. அவர் ஒவ்வொரு தடவையும் இரண்டு படி கீழே நின்று சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தார். ஒரே நோட்டீஸை எத்தனை முறைதான் படிப்பாரோ.


ஜூன் 11, புதன்

வார்டில் சேர்த்துவிட்டார்கள். பரிசோதனை எல்லாம் இங்கேயேதான்.

டாக்டர் தேவசகாயத்தைப் பார்த்தோம். நாகர்கோவில்காரர். ஆள் ஒல்லி, கை மட்டும் பெரியது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. நல்ல பிடி போடுகிற கை.

“மூணு வருஷத்துக்கு முன்ன கால்ல கட்டு போட்டிருந்தீங்களா டீச்சர்?” என்றார்.

போட்டிருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண்களுக்குப் பிடியிலிருந்து துள்ளித் தப்புவது எப்படி என்று காட்டப் போய்க் கணுக்கால் முறிந்தது. தப்பவும் இல்லை.

“அப்ப கால் நரம்புல ரத்தம் உறைஞ்சிருக்கு. அது பிரிஞ்சு மேல போயி நுரையீரல்ல உக்காந்துட்டு. நாளாக ஆக, குழாய்ச் சுவரோட ஒட்டித் தழும்பாயிடுச்சு. இனி மருந்துல கரையாது. உரிச்சுத்தான் எடுக்கணும்.”

எப்படி உரிப்பார்கள் என்பதையும் சொன்னார். நெஞ்செலும்பைப் பிளப்பார்களாம். ரத்தத்தை ஒரு மெஷின் வழியே சுற்றவிட்டு உடம்பை ஐஸ் மாதிரிக் குளிர வைப்பார்களாம். இதயத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் கொஞ்ச நேரம் மெஷினையும் நிறுத்துவார்கள். குழாய்க்குள் ரத்தம் ஓடினால் கண் தெரியாதாம். அந்த நேரத்தில் உரித்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்களாம்.

“அந்நேரம் நான் உயிரோட இருப்பனா சார்?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “திரும்பக் கொண்டு வந்துருவோம். ஆனா நூறு பேர்ல ரெண்டு மூணு பேரு வரதில்ல. அதையும் சொல்லணும்ல.”

கபடியிலும் இதே கதைதான் சார் என்றேன். அவுட் ஆனவர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார், நம் ஆள் ஒரு பாயிண்ட் எடுத்தால் எழுந்து உள்ளே வருவார், நீங்கள் பாயிண்ட் எடுங்கள், நான் வந்துவிடுகிறேன். டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து அறையெல்லாம் ஈரமானது.

தண்ணீர்: பாட்டிலில் பாதி தரைக்கு, பாதி எனக்கு.


ஜூன் 12, வியாழன்

எனக்குப் பயமெல்லாம் இல்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.


ஜூன் 13, வெள்ளி

இன்று வெற்றி!

நடைச் சோதனை என்று ஒன்று வைத்தார்கள். வார்டுக்கு வெளியே நீளமான வராந்தா. இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிறக் கூம்பு. ஆறு நிமிஷத்துக்குள் எத்தனை சுற்று நடக்கிறோம், எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று பார்ப்பது. பிசியோதெரபிப் பெண் ஜெசிந்தா கையில் ஸ்டாப் வாட்ச், கழுத்தில் விசில். விசிலைப் பார்த்ததும் எனக்கு உடம்பில் பழைய முறுக்கு வந்துவிட்டது.

“மயக்கமா வந்தா நின்னுடுங்க மேடம். இது போட்டி இல்ல” என்றாள். விசிலை மாட்டிக்கொண்டு போட்டி இல்லை என்றால் யார் நம்புவது?

எங்கள் ஆட்டத்தில் முதல் பாடமே, மூச்சு முடியப்போகிறது என்பது முகத்தில் தெரியக் கூடாது. தெரிந்தால் ஏழு பேரும் மேலே விழுவார்கள். உள்ளே வெறும் பானையாக இருந்தாலும் முகத்தில் புன்னகை இருக்க வேண்டும். கண் எதிராளியைப் பார்க்க வேண்டும். உள்ளே இழுக்கிற காற்று மூக்கு வழியாகத் திருட்டுத்தனமாகப் போக வேண்டும். நான் இதில் டாக்டர் பட்டம் வாங்கும் அளவுக்குத் தேறியவள்.

நடந்தேன். மூன்றாவது சுற்றில் வராந்தா கொஞ்சம் சாய்ந்தது. கட்டடம் கட்டியவர்கள் சரியில்லை. நான்காவதில் காதுக்குள் கொட்டுச் சத்தம். ஜெசிந்தாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். முடிந்ததும், “ஒண்ணுலருந்து பத்துக்குள்ள எவ்வளவு மூச்சு முட்டுது?” என்றாள். “ரெண்டு” என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு வேண்டிய காற்றை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தேன். விரலில் மாட்டிய கிளிப் ஏதோ குறைவாகக் காட்டியது. “எனக்கு எப்பவுமே குளிர்ந்த கை” என்று சொல்லித் தேய்த்துக் கொடுத்தேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

பிறகு பாத்ரூமில் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் காலம், தரை குளுகுளுவென்று இருந்தது. அவ்வளவுதான்.


ஜூன் 14, சனி

டாக்டர்கள் கூடிப் பேசினார்களாம். நான் இவ்வளவு நன்றாக நடப்பதால் இப்போதைக்கு ஆபரேஷன் என்ற ஆபத்து வேண்டாம், மாத்திரையோடு ஊருக்குப் போய் ஆறு மாதம் கழித்து வாருங்கள், திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் என்று சின்ன டாக்டர் வந்து சொன்னார்.

கட்டிலில் உட்கார்ந்தபடியே ஆடினேன். நெஞ்சைப் பிளக்க வேண்டாம், ஐஸில் போட வேண்டாம், நூறு பேரில் நான் எந்த ஆள் என்று யோசிக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் அல்வா வாங்கி வரச் சொன்னேன். சரி என்று போனார். வாங்கியும் வந்தார். அவர் சாப்பிடவில்லை. பல்வலியாம்.

பக்கத்துக் கட்டில்காரிக்கும் கொடுத்தேன். பெயர் பர்வீன். ஆம்பூர். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். அவளுக்கும் என்னுடைய அதே அடைப்பு. மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டிக்கொண்டே உலகத்தைக் கிண்டல் செய்கிறாள். ஆம்பூர் பிரியாணியைவிடத் திண்டுக்கல் பிரியாணி மேல் என்றேன். “டீச்சரக்கா, எனக்கு மூச்சு இல்லங்கிற தைரியத்துல பேசுறீங்க” என்றாள். இருவரும் சிரித்து, இருவருக்கும் இருமல் வந்து, நர்ஸ் வந்து எங்களுக்கு நடுவே திரையை இழுத்துவிட்டாள். எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பிரிக்கிற மாதிரி.


ஜூன் 15, ஞாயிறு

நடைச் சோதனையில் எப்படி ஜெயித்தேன் என்று பர்வீனுக்கு அபிநயத்தோடு சொன்னேன். சாய்ந்த வராந்தா, கண்ணடித்தது, குளிர்ந்த கை, எல்லாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். முதலில் சிரித்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள்.

“எனக்கு ஏன் ஆபரேஷன் இல்ல தெரியுமா?” என்றாள்.

தெரியாது என்றேன்.

“எனக்கு அடைப்பு ரொம்ப உள்ளாற, பொடிப் பொடிக் குழாயில. டாக்டரோட கத்தி அங்க வராதாம். பலூன் வச்சுத் தொறந்து பாப்பாங்க. நாலஞ்சு தடவ. அதுவும் பாதிதான் தொறக்குமாம். உங்களுக்குப் பெரிய குழாய். உரிச்சா மொத்தமா வந்துரும்னு அவரே சொன்னாரு. அந்த வழி எனக்கு இருந்தா நான் வராந்தால உருண்டு பொரண்டு மயக்கம் போட்டுக் காட்டியிருப்பேன்.”

திரையை அவளே இழுத்து மூடிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. பெரிய மனுஷி. என் நெஞ்சு, என் இஷ்டம். சோறு வேண்டாம் என்றேன். பிறகு பசித்தது, சாப்பிட்டேன். மாத்திரை மூன்று. தண்ணீர் எழுத மறந்துவிட்டேன்.


ஜூன் 16, திங்கள்

இன்று என் வீட்டுக்காரர் பேசினார்.

டிஸ்சார்ஜ் சீட்டோடு டாக்டர் தேவசகாயத்தைப் பார்க்கப் போனோம். நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஸ்டியரிங் இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஆரம்பித்துவிட்டார்.

“டாக்டர், இவ பொய் சொல்றா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“படுத்துத் தூங்கி ஒரு வருஷமாச்சு. மூணு தலகாணி வச்சுச் சாஞ்சுக்கிட்டுத்தான் தூங்குவா. கேட்டா டிவி பாக்க வசதின்னு சொல்லுவா. பள்ளிக்கூடத்துல விசில் ஊதுறத விட்டுட்டா, ஒம்பதாப்புப் பிள்ளைகதான் ஊதுதுக. மாசியில ஒரு நா குளிக்கப் போன இடத்துல மயங்கி விழுந்து, வாளி இடிச்சிருச்சுன்னு நெத்தியில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு வந்தா. மாடி ஏறினா நாலு படிக்கு ஒருக்கா உக்காந்து ஷூ லேஸக் கட்டுறா டாக்டர்.”

“அது அவிழ்ந்தா கட்டத்தான செய்யணும்” என்றேன்.

“அவ போட்டுருக்கிறது லேஸ் இல்லாத ஷூ. பொங்கலுக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன். அதுக்கும் குனிஞ்சு கட்டுறா.”

டாக்டர் மேஜைக்குக் கீழே எட்டி என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கறுப்பு ஷூ. மேலே ஒரு பட்டை. லேஸ் போட ஓட்டைகூட இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய, வந்துவிட்டது. டாக்டரும் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அவமானமாக இருந்தது. இவரைப் போய் நோட்டீஸ் படிக்கிறார் என்று நினைத்தேனே.

டாக்டர் சீட்டை வாங்கிக் கிழித்தார். “நாளைக்கு மறுபடி நடங்க. நெசமா நடங்க” என்றார்.

பத்தாம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். இந்த நோட்டில்கூட லேஸ் என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். யாரை ஏமாற்ற எழுதினேன் என்று தெரியவில்லை.


ஜூன் 17, செவ்வாய்

நடந்தேன். இரண்டாவது சுற்றிலேயே நெஞ்சில் யாரோ முட்டி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. முகம் தானாகப் புன்னகைக்கப் போனது. வேண்டாம் என்று அதை இழுத்துப் பிடித்தேன். அது ஏழு பேர் பிடியைவிடக் கஷ்டம். ஜெசிந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். வராந்தா முனையில் வீட்டுக்காரரும் பர்வீனும் நின்றார்கள். நின்றேன். சுவரைப் பிடித்தேன். வாயைத் திறந்து மூச்சு வாங்கினேன், ஊரே பார்க்கும்படி, சத்தமாக.

“முடியல” என்றேன்.

என் வாழ்நாளில் இந்த வார்த்தையை இதற்கு முன் சொன்னதாக நினைவில்லை. பிரசவமே ஆகாதவள், ஆகவே அங்கேயும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

“ஒண்ணுலருந்து பத்துக்குள்ள?”

ஒன்பது என்று விரலில் காட்டினேன். ஜெசிந்தா சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தாள். பர்வீன் ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டே வந்து, “அக்கா, ஃபர்ஸ்ட் கிளாஸ் தோல்வி!” என்று கை தட்டினாள். மறுபடி சிநேகமாகிவிட்டோம்.


ஜூன் 19, வியாழன்

கழுத்து வழியாக ஒரு குழாயை விட்டு இதயத்துக்குள் அழுத்தம் பார்த்தார்கள். நுரையீரல் பக்கம் இருக்க வேண்டிய அழுத்தத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். “இத வச்சுக்கிட்டா மைதானத்துல நின்னீங்க?” என்றார் டாக்டர். தம்ப்ஸ் அப் காட்டினேன். அவர் அதை ரசிக்கவில்லை. இப்படியே விட்டிருந்தால் ஆறு மாதம் கழித்து நான் வந்திருக்க மாட்டேன் என்று அப்பட்டமாகச் சொல்லிவிட்டார்.

இருபத்தைந்தாம் தேதி புதன்கிழமை ஆபரேஷன்.

கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. அப்புறம் என்னவோ குஷியாகிவிட்டது. சீட்டுக் குலுக்கி எந்த அணியோடு மோதல் என்று தெரிந்துவிட்டால் வருமே, அந்தக் குஷி. எதிராளி யார் என்று இப்போது தெரியும். தேதியும் தெரியும்.


ஜூன் 22, ஞாயிறு

வீட்டுக்காரருக்குக் கொடுத்த உத்தரவுகள்: வீட்டுச் சாவி எதிர்வீட்டில் இருக்கிறது, புதன்கிழமை அவர்கள் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவார்கள், நிரம்பியதும் மோட்டாரை அணைக்கும்படி போன் செய்ய வேண்டும். மாநில அளவில் போன வருஷம் தோற்ற பெண்களுக்கு நான் எழுதி வைத்த பயிற்சித் தாள் பீரோ இரண்டாம் தட்டில் இருக்கிறது, அதை சயின்ஸ் டீச்சரிடம் கொடுக்க வேண்டும். ஒருவேளை நான் வராவிட்டால் என் தம்பி வந்து அழுவான், அவனைக் கட்டிலில் உட்கார விடக் கூடாது, கட்டில் ஆட்டம் கொடுக்கிறது. அவர் இரண்டாவது தோசையைத் தின்றபடி எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். கடைசியில், “நீயே வந்து சொல்லிக்க” என்றார்.

தண்ணீர் ஒன்றேகால் லிட்டர்.


ஜூன் 24, செவ்வாய்

உடம்பெல்லாம் சிவப்பு மருந்து போட்டுக் குளிப்பாட்டினார்கள். பார்க்க ஊறுகாய் மாதிரி இருக்கிறேன். பர்வீன் அப்படித்தான் சொன்னாள். நாளைக்கு அவளுக்கும் முதல் பலூன். “உங்களுக்குக் கத்தி, எனக்குப் பலூன். பொறந்த நாள் மாதிரி இருக்கு” என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பன்னிரண்டாம் தேதி பயம் இல்லை என்று எழுதியது பொய். பயமாக இருக்கிறது. நன்றாகவே பயமாக இருக்கிறது. எழுதினதும் கொஞ்சம் இலேசாக இருக்கிறது, அதுவும் உண்மை.


ஜூன் 25, புதன்

நான் அவள் கணவன் சௌந்திரபாண்டி எழுதுகிறேன். இன்றைக்கு எழுதாமல் விட்டால் வந்து திட்டுவாள்.

காலையில் கூட்டிப் போனார்கள். கதவுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொல்லி, “மோட்டார அணைக்கச் சொன்னீங்களா?” என்று கேட்டாள். சரி என்றேன். அது பதில் இல்லை என்று கதவு மூடிய பிறகுதான் தெரிந்தது.

உட்கார்ந்தேன். நின்றேன். பர்வீனின் அம்மா பிஸ்கட் கொடுத்தார். சாப்பிட்டேனா என்று நினைவில்லை. எதிர்வீட்டுக்குப் போன் செய்தேன். மோட்டார் அணைத்தாகிவிட்டது.

மாலையில் டாக்டர் வெளியே வந்தார். குல்லாயைக் கழற்றினார். தலையெல்லாம் வியர்வை. “மொத்தமா வந்துட்டு. ரெண்டு பக்கமும்” என்றார். நான் காலில் விழப் போனேன். அவர் பிடித்துக்கொண்டார். அவர் கை இன்னும் ஜில்லென்று இருந்தது. அந்தக் கையை விட எனக்கு மனசு வரவில்லை.

தண்ணீர், சிறுநீர் எனக்குத் தெரியாது. நர்ஸைக் கேட்டு எழுதுகிறேன்.


ஜூன் 28, சனி

வந்துட்டேன். எழுத்து கோணல். பெரிசா இருக்கு காத்து.


ஜூலை 1, செவ்வாய்

இன்று ஒழுங்காக எழுத முடிகிறது.

கண் விழித்தபோது வாயில் குழாய், மூக்கில் குழாய், கழுத்தில் குழாய். என்னைச் சுற்றி இத்தனை குழாய் போட்டால் பஞ்சாயத்தில் தீர்மானம் போட வேண்டும். பேச முடியவில்லை. மருந்து மயக்கத்தில் கூரையில் கபடி ஆட்டம் நடந்தது. யாரோ ஒரு பெண் கள்ளாட்டம் ஆடினாள். கையைத் தூக்கிப் புகார் செய்தேன். வலிக்கிறது போல என்று நர்ஸ் இன்னொரு ஊசி போட்டாள். ஆட்டம் இன்னும் சுறுசுறுப்பாக நடந்தது.

பிறகு வாய்க் குழாயை எடுத்தார்கள். எடுத்ததும் ஒரு மூச்சு இழுத்தேன். இதை எப்படிச் சொல்ல? மூன்று வருஷமாகக் காற்று தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு இடத்தில் முட்டி நின்றுவிடும். இப்போது நிற்கவில்லை. கீழே, கீழே, இன்னும் கீழே போனது. எனக்கு இவ்வளவு இடம் இருப்பதே மறந்து போயிருந்தது. இன்னொன்று இழுத்தேன். இன்னொன்று. நர்ஸ் ஓடிவந்து, “மெதுவா மேடம், ஓடிப்போகாது” என்றாள்.

ஓடிப்போன ஆள்தானே திரும்பி வந்திருக்கிறது. விடுவேனா?


ஜூலை 4, வெள்ளி

டாக்டர் போனில் போட்டோ காட்டினார். பச்சைத் துணியில் என் நெஞ்சிலிருந்து எடுத்ததை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். வெளிறிய கிளை, அதில் சிறு கிளை, நுனி வரைக்கும் பிரிந்து பிரிந்து. காய்ந்த இஞ்சிக்கும் கோழிக்காலுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. இதையெல்லாம் சுமந்துகொண்டுதான் நான் பிள்ளைகளைப் பார்த்து “ஓடுங்கடி சோம்பேறிகளா” என்று கத்தினேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இனி ஜென்மத்துக்கும் கோழிக்கால் சூப் வேண்டாம் என்றார்.

பர்வீனைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார்கள். முதல் பலூன் நன்றாகப் போயிருக்கிறது. பாதிதான் திறக்கும் என்றார்களே, அந்தப் பாதியில் கொஞ்சம் வந்திருக்கிறது. மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் என்னோடு பேசினாள். அதில் எனக்கு என் மூச்சைவிட அதிகச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் ஒரு சிக்கல். எனக்கு நெஞ்செலும்பைக் கம்பி போட்டுத் தைத்திருக்கிறார்கள். இருமினாலும் தும்மினாலும் தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடிக்க வேண்டும். சிரித்தால் உயிர் போகிறது. இது தெரிந்ததும் அந்தச் சண்டாளி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஜோக் வைத்தாள். நான் தலையணையைக் கட்டிக்கொண்டு கண்ணீர் வழிய, “போடி, போயிரு” என்று கெஞ்சினேன். நர்ஸ் மறுபடியும் திரையை இழுத்தாள்.

ஜெசிந்தா மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து மூச்சுப் பயிற்சிக்கு உறிஞ்சச் சொல்கிறாள். இரண்டு பந்து எழும்புகிறது. மூன்றாவது அரை மனசாக அசைகிறது. அதற்கும் ஒரு நாள் வரும்.


ஜூலை 9, புதன்

நடைச் சோதனை. நடுவில் நிற்கவில்லை. வராந்தா நேராக இருந்தது. “ஒண்ணுலருந்து பத்துக்குள்ள?” “மூணு” என்றேன். ஜெசிந்தா சந்தேகமாகப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தலையாட்டிய பிறகுதான் எழுதிக்கொண்டாள். இனி என் வார்த்தைக்கு இந்த ஆஸ்பத்திரியில் மரியாதை அவ்வளவுதான்.


ஜூலை 14, திங்கள்

ரயிலில் எழுதுகிறேன். பகல் வண்டி. ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் ஒரு மாத்திரை, அந்த மாத்திரை கெடாமல் வேலை செய்யக் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, மூன்று மாதம் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது. அதோடு விட்டுவிட்டார்கள். பர்வீன் வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அடுத்த பலூனுக்கு நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். கட்டாயம் வருவேன்.

தாம்பரம் தாண்டியதும் வீட்டுக்காரர், “நான் ஜன்னல் பக்கம் உக்காரணும்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னல் சீட்டு எப்போதும் என்னுடையது. ஆபரேஷன் ஆனவள் நான், காற்று வேண்டியவள் நான், ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க வேடிக்கை பார்த்த ஆளுக்கு இன்னும் என்ன வேடிக்கை வேண்டிக்கிடக்கிறது என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

“எனக்கும் ஆசையிருக்கும்ல?” என்றார். சத்தமாக.

“இத்தன நாளு இல்லாத ஆச!”

“இத்தன நாளும் இருந்துச்சு. சொல்லல. வீட்டுக்கு வயலெட் கலர் அடிச்சியே, அது பிடிச்சா சரின்னேன்? கேவலமா இருக்கு. ஊரே வயலெட் வீட்டுக்காரன்னு கூப்புடுது. வாரத்துக்கு மூணு நா பீர்க்கங்கா. உன் தம்பி வந்தா பத்து நா தங்குறான். எல்லாத்துக்கும் சரி, சரின்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

“ஏன் சொன்னீங்க? வாயில கொழுக்கட்டையா?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். செங்கல்பட்டு ஏரி போய்க்கொண்டிருந்தது.

“நீ சண்டைக்கு வந்தா பாதியில நின்னுருவ வேலு. வாய் தொறந்திருக்கும், சத்தம் வராது. கண்ணு மட்டும் என்னையப் பாக்கும். அத ஒருக்காப் பாத்தேன். அப்புறம் பாக்க முடியல. அதான் நீ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சரின்னுருவேன்.”

மூன்று வருஷம். ஒவ்வொரு சரியும் எனக்கு மூச்சு மிச்சமாகட்டும் என்று. நானோ என் பேச்சில் அவ்வளவு நியாயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழுதேன். அழுதால் நெஞ்செலும்பு வலிக்கிறது, தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். எதிர் சீட்டுக்காரர் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டோம்.

முறுக்கு முடிந்ததும், வயலெட்டில் என்ன கேவலம் என்று கேட்டேன். அவர் சொன்னார். நான் மறுத்தேன். அவர் குரலை உயர்த்தினார், நான் அதைவிட உயர்த்தினேன். என் தம்பி, அவர் அக்கா, பீர்க்கங்காய், எல்லோரையும் இழுத்தோம். டிக்கெட் பரிசோதகர் வந்து, “என்னம்மா பிரச்சனை?” என்றார். “ஒண்ணுமில்ல சார், குடும்பச் சண்டை” என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம். விழுப்புரம் வந்தது, போனது. நான் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பது கல்யாணமாகி இருபது வருஷத்தில் எனக்குத் தெரியாது. அவர் முகம் முழுக்கச் சிவந்து, கை இரண்டையும் ஆட்டி, ஜோராகக் கத்திக்கொண்டிருக்கிறார். இவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

ஜன்னல் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டேன். வயலெட் அப்படியேதான் இருக்கும்.